கடல் தாண்டினால் வெளிநாடு

சென்னையில் இருப்பவர் கோடை விடுமுறைக்கு ஊட்டிக்குப் போக நினைத்தால் பேருந்துச் சீட்டு எடுத்தால் போதும். கோலாலம்பூரில் இருப்பவர் லங்காவித் தீவுக்குப் போக நினைத்தாலும் அப்படித்தான், கடப்பிதழைத் தேடவேண்டியதில்லை. நமக்கு அந்த வசதி கிடையாது. சிங்கப்பூர் கிழக்கிலிருந்து மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர், வடக்கிலிருந்து தெற்காக அதில் ஏறக்குறையப் பாதி. அதற்குமேல் போனால் கடல். கடலைத் தாண்டினால் வெளிநாடு. ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய பிந்தான் தீவுக்குப் போகவும் குடிநுழைவு முத்திரை வேண்டும்.

பூகோளப் பாடத்தில் படித்துவிட்டு மறந்துபோகும் இந்தச் செய்தி, 2020 தொடங்கி ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு நம் ஊரின் பெரும் பிரச்சினையாக இருந்தது. கொவிட்-19 கிருமித்தொற்றைத் தடுக்க நாடுகள் தத்தம் எல்லைகளை மூடியபோது, பெரிய நாடுகளுக்கு உள்ளூர்ப் பயணிகளாவது மிஞ்சினார்கள். ஊரடங்கு தளர்ந்த இடைவெளிகளில் இந்தியாவின் மலைவாசத்தலங்களில் கூட்டம் கூடியது. மலேசியாவில் மாநில எல்லைகள் திறந்த மாதங்களில் மக்கள் சொந்த நாட்டுக் கடற்கரைகளுக்குக் கிளம்பினார்கள். சிங்கப்பூரிலோ, வெளியே போகும் ஒவ்வொரு விடுமுறையும் எல்லை தாண்டும் பயணம். உள்ளே வரும் ஒவ்வொரு சுற்றுப்பயணியும் எல்லை தாண்டி வருபவர். போவதற்கும் வருவதற்கும் கதவு ஒன்றுதான். அதைச் சாத்தியதும் இரண்டும் ஒன்றாக நின்றுபோயின.

இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டில் இருக்கும் தம்பி தங்கைகள் அப்போது உயர்நிலைப் பள்ளியில் இருந்திருப்பார்கள். முகக்கவசமும் வீட்டிலிருந்து படித்த பாடங்களும் அவர்கள் நினைவில் இருக்கும். எல்லைக் கட்டுப்பாடுகள் எந்த வரிசையில் வந்தன, ஏன் அவ்வளவு காலம் நீடித்தன, அவற்றால் நம் தீவு விடுமுறைகளும் சுற்றுலாத் தொழிலும், குறிப்பாக நம் தேக்காவும், என்ன ஆயின என்பதைச் சற்று விளக்கமாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. முன்னாள் மாணவர்களுக்குப் பல செய்திகள் தெரிந்தவையாகவே இருக்கும், பொறுத்தருள்க.

செந்தோசாவில் தொடங்கியது

சிங்கப்பூரின் முதல் கொவிட்-19 சம்பவம் உறுதியானது 2020 ஜனவரி 23ஆம் தேதி. பாதிக்கப்பட்டவர் வூஹான் நகரிலிருந்து குடும்பத்தோடு வந்த பயணி. அவர் தங்கியிருந்த இடம் செந்தோசாத் தீவிலுள்ள ஒரு கடற்கரை விடுதி. நம்முடைய பெருந்தொற்று வரலாறு ஒரு தீவு விடுமுறையில் தொடங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது. (செந்தோசா என்ற பெயரில் நம் ‘சந்தோஷம்’ ஒளிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 1970களுக்கு முன் அந்தத் தீவின் பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. மலாய் மொழியில் ‘மாத்தி’ என்றால் சாவு. சுற்றுலாவுக்கு அந்தப் பெயர் ஒத்துவராது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?)

கதவு ஒரேயடியாகச் சாத்தப்படவில்லை. ஜனவரி இறுதியில் ஹூபெய் மாநிலத்திலிருந்து வருவோருக்குத் தடை வந்தது. ஓரிரு நாளில் அது சீனப் பெருநிலம் முழுமைக்கும் விரிந்தது. மார்ச் மாதத்தில் ஈரான், இத்தாலி, தென்கொரியா என்று பட்டியல் நீண்டது. மார்ச் 18ஆம் தேதி மலேசியாவின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஜொகூர்க் கடற்பாலத்தில் அன்றாடம் போய்வந்தவர்களின் கூட்டம் ஓர் இரவில் மறைந்தது. மார்ச் 23ஆம் தேதி இரவு 11.59 மணி முதல், குறுகிய கால வருகையாளர் எவரும் சிங்கப்பூருக்குள் வரவோ இங்கு விமானம் மாறவோ முடியாது என்றானது. இந்தியா அதே நாள்களில் வழக்கமான அனைத்துலகப் பயணிகள் விமானச் சேவையை நிறுத்தியது. அது முழுமையாக மீண்டது 2022 மார்ச் 27ஆம் தேதிதான். இந்தோனேசியா ஏப்ரல் 2ஆம் தேதி வெளிநாட்டு வருகையாளர்களுக்குக் கதவடைத்தது. ஏப்ரல் 7ஆம் தேதி நம் ஊரே ‘சர்க்கிட் பிரேக்கர்’ என்ற நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டத்துக்குள் போய்விட்டது.

சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் புள்ளிவிவரம் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். 2019 ஏப்ரலில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகையாளர்கள் வந்த இந்த ஊருக்கு, 2020 ஏப்ரலில் வந்தவர்கள் ஏறக்குறைய 750 பேர். ஆயிரம் விட்டுப்போய்விட்டதோ என்று நினைக்கவேண்டாம். வெறும் எழுநூற்று ஐம்பது பேர்தான். நம் சங்கத்தின் கலைநிகழ்ச்சிக்கு அதைவிட அதிகமானோர் வந்த ஆண்டுகள் உண்டு.

நான் அப்போது இரண்டாமாண்டு மாணவன். மே மாதத் தேர்வுகள் முடிந்ததும் நண்பர்கள் ஐவராகப் பிந்தானுக்குப் போய் மூன்று நாள் இருந்துவர ஏற்பாடு செய்திருந்தோம். தானா மேரா முனையத்தில் படகு ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு லாகோய் கடற்கரை. பகுதிநேரத் துணைப்பாட வகுப்பு எடுத்துச் சேர்த்த பணம். விடுதி, பணத்தைத் திருப்பித் தராது. தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்றது. மாற்றினோம். டிசம்பருக்கு மாற்றினோம், பிறகு அடுத்த ஜூனுக்கு மாற்றினோம், பிறகு அந்தப் பற்றுச்சீட்டே காலாவதியானது.

இங்கே காப்புறுதி பற்றி ஒரு வார்த்தை. பயணக் காப்புறுதி எடுத்திருந்தால் பணம் கிடைத்திருக்குமே என்று பலர் கேட்பார்கள். காப்புறுதி என்பது எதிர்பாராததற்கு ஈடு கொடுக்கும் ஒப்பந்தம். ஒரு நிகழ்வு எல்லாருக்கும் தெரிந்ததாகிவிட்டால் நிறுவனங்கள் அதை ‘அறிந்த நிகழ்வு’ என்று அறிவித்துவிடும். அந்தத் தேதிக்குப் பிறகு வாங்கும் காப்புறுதி அந்த நிகழ்வால் வரும் இழப்புக்குச் செல்லாது. கொவிட்-19ஐப் பொறுத்தவரை அந்த அறிவிப்புகள் 2020 ஜனவரி இறுதியிலிருந்தே வரத் தொடங்கின. எரியும் வீட்டுக்குத் தீக்காப்பு எழுதித் தரமாட்டார்கள் அல்லவா, அதுபோலத்தான்.

இரண்டு பூட்டு, மூன்று சாவி

எல்லையைத் திறப்பது மூடுவதைப் போல அவ்வளவு எளிதன்று. மூடுவதற்கு ஒரு நாடு முடிவெடுத்தால் போதும். திறப்பதற்குப் போகும் நாடும் புறப்படும் நாடும் ஒரே நேரத்தில் இசையவேண்டும்; நடுவில் படகோ விமானமோ ஓடவேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பயணமில்லை. அப்படியே போகமுடிந்தாலும் திரும்பி வரும்போது ‘வீட்டில் தங்கும் உத்தரவு’ காத்திருக்கும். தொடக்கத்தில் அது 14 நாள். அதை ஒதுக்கப்பட்ட விடுதியில் கழிக்க, தங்கும் செலவுக்கு 2,000 வெள்ளி, பரிசோதனைக்குச் சுமார் 200 வெள்ளி. மூன்று நாள் கடற்கரையில் கிடந்துவிட்டு வருவதற்குப் பதினேழு நாளும், அறை வாடகையைப்போலப் பல மடங்கும் செலவு. தடை என்று எந்தச் சட்டமும் சொல்லாத ஊர்களுக்கும் யாரும் போகாததற்கு இந்தக் கணக்கே காரணம்.

வீட்டில் தங்கும் உத்தரவைப் பலர் வீட்டில் கழிக்கவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. 2020 மார்ச் மாதக் கடைசியில் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் திரும்பிய மாணவர்களை நேரே ஹோட்டல்களுக்கு அனுப்பினார்கள். அவற்றில் செந்தோசா விடுதிகளும் இருந்தன. கடலைப் பார்த்த பால்கனி, மூன்று வேளையும் வாசலில் வைக்கப்படும் உணவு; ஆனால் கதவைத் தாண்டக்கூடாது.

ஹாங்காங்குடன் செய்துகொண்ட ‘பயணக் குமிழி’ ஏற்பாடு இந்தச் சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2020 நவம்பர் 22ஆம் தேதி தொடங்கவேண்டிய திட்டம் அது. முதல் நாள், நவம்பர் 21ஆம் தேதி, ஹாங்காங்கில் தொற்று கூடியதால் ஒத்திவைத்தார்கள். அடுத்த முயற்சி 2021 மே 26. அப்போது இங்கே தொற்று கூடியது; மறுபடியும் ஒத்திவைப்பு. ஆகஸ்டில் திட்டத்தையே கைவிட்டார்கள். இரு ஊர்களும் சுகமாக இருக்கும் வாரம் ஒன்று அமையவே இல்லை.

ஆனால் தீவாக இருப்பதே சில இடங்களுக்குக் கைகொடுத்தது. மாலத்தீவு 2020 ஜூலை 15ஆம் தேதியே சுற்றுப்பயணிகளுக்குத் திறந்துவிட்டது. அங்கே ஒரு தீவில் ஒரு விடுதி என்பது வழக்கம். வந்து இறங்கும் பயணி விரைவுப்படகிலோ கடல்விமானத்திலோ ஏறி விடுதித் தீவுக்குப் போய்விடுவார். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் கால் வைக்காமலே ஊர் திரும்பலாம். 2019இல் 17 இலட்சமாக இருந்த வருகையாளர் எண்ணிக்கை 2020இல் ஐந்தரை இலட்சமாகச் சரிந்தாலும், 2021இல் 13 இலட்சத்தைத் தாண்டியது. அந்த இரண்டாண்டுகளிலும் முதலிடத்தில் வந்தவர்கள் இந்தியர்கள். தாய்லாந்து 2021 ஜூலை 1ஆம் தேதி பூக்கெட் தீவை மட்டும் தடுப்பூசி போட்ட பயணிகளுக்குத் திறந்துவிட்டு, நாட்டின் மற்றப் பகுதிகளுக்குப் போகுமுன் 14 நாள் அங்கேயே தங்கவேண்டும் என்றது.

சிங்கப்பூரும் தீவுதானே, அப்படிச் செய்திருக்கக் கூடாதா என்று அப்போது ஒரு நண்பன் வாதிட்டான். மாலத்தீவின் விடுதித் தீவில் சுற்றுப்பயணியும் விடுதி ஊழியரும் மட்டுமே இருக்கிறார்கள். இங்கே சுற்றுப்பயணி ஏறும் எம்ஆர்டி ரயிலில்தான் நம் பாட்டியும் ஏறுகிறார். நம்மிடம் பிரித்துக்கொடுக்கத் தனித் தீவு இல்லை. இருக்கும் தீவில் எல்லாரும் வாழ்கிறோம்.

இலக்கில்லாத கப்பலும் பறக்காத விமானமும்

சார்ஸ் அனுபவம் உள்ளவர்கள் தொடக்கத்தில் நம்பிக்கையோடு இருந்தார்கள். 2003இல் சார்ஸ் கிருமி இங்கு 238 பேரைத் தொற்றி 33 பேரைக் கொன்றது. அந்த ஆண்டு வருகையாளர் எண்ணிக்கை 76 இலட்சத்திலிருந்து 61 இலட்சமாகக் குறைந்தது. மறு ஆண்டே 83 இலட்சமானது. தேக்காவில் வயதான கடைக்காரர்கள் பலர் அந்த அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தார்கள்: மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். இந்த முறை 2019இல் 1 கோடியே 91 இலட்சமாக இருந்த எண்ணிக்கை 2020இல் 27 இலட்சமானது. 2021இல் 3 இலட்சத்து 30 ஆயிரம். 2020இன் 27 இலட்சத்திலும் பெரும்பகுதி கதவு சாத்துமுன் வந்தவர்கள். சுற்றுலா வருமானம் 2,770 கோடி வெள்ளியிலிருந்து இரண்டே ஆண்டில் 190 கோடி வெள்ளியாகச் சுருங்கியது.

சாங்கி விமான நிலையத்தின் இரண்டாம் முனையமும் நான்காம் முனையமும் 2020 மே மாதம் மூடப்பட்டன. உள்நாட்டுத் தடம் ஒன்றுகூட இல்லாத சிங்கப்பூர் ஏர்லைன்சும் அதன் துணை நிறுவனமான சில்க்ஏரும் தம் 147 விமானங்களில் 138ஐத் தரையில் நிறுத்தின. சிலவற்றைக் காற்று வறண்டிருக்கும் ஆஸ்திரேலியப் பாலைவன நகரான ஆலிஸ் ஸ்பிரிங்சுக்கு அனுப்பினார்கள். விமானப் பணியாளர்களில் சிலர் மருத்துவமனைகளில் உதவியாளர்களாகச் சேர்ந்தனர். அக்டோபர் மாதம் சாங்கியில் நிறுத்தியிருந்த ஏ380 விமானத்தை உணவகமாக்கினார்கள். ஆகக் குறைந்த கட்டணம் 53 வெள்ளி 50 காசு. இடங்கள் அரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. விமான உணவைக் குறைசொல்லாத பயணியை நான் கண்டதில்லை. அதே உணவை, பறக்காத விமானத்தில், காசு கொடுத்துச் சாப்பிட மக்கள் வரிசை பிடித்தார்கள்.

நவம்பரில் ‘எங்கும் போகாத சொகுசுக் கப்பல்’ பயணங்கள் தொடங்கின. மரினா பேயில் புறப்பட்டு, எந்தத் துறைமுகத்தையும் தொடாமல், சில இரவுகள் கடலில் மிதந்துவிட்டு அதே துறைக்குத் திரும்புவது. டிசம்பர் மாதம் ஒரு கப்பலில் 83 வயதுப் பயணிக்குத் தொற்று என்று சந்தேகம் எழ, அத்தனை பேரையும் அறைக்குள் இருக்கச்சொல்லிக் கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மறுபரிசோதனையில் அவருக்குத் தொற்றில்லை என்று தெரிந்தது.

அதே டிசம்பரில் 18 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் உள்ளூர்ச் சுற்றுலாவுக்கென அரசாங்கம் 100 வெள்ளி பற்றுச்சீட்டு வழங்கியது. எங்கள் ஐவரில் மூவருக்குத்தான் அது கிடைத்தது. மற்ற இருவர் தமிழகத்திலிருந்து படிக்க வந்தவர்கள். ஊருக்கும் போக வழியில்லை, உள்ளூர்ச் சலுகையும் இல்லை. அவர்களுக்கும் சேர்த்து நாங்கள்தான் ஏதாவது ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது.

தாத்தா பார்த்த தீவு

அப்படித்தான் 2021 பிப்ரவரியில் செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் போனோம். மரினா சவுத் படகுத்துறையிலிருந்து அரை மணி நேரம் போல ஆகும். வெளிநாடு போகமுடியாத ஊர் மொத்தமும் தென் தீவுகளைக் கண்டுபிடித்திருந்த நேரம் அது. சிறு பாலத்தைக் கடந்து லாசரஸ் தீவின் வெண்மணலில் உட்கார்ந்தால், நண்பர்களில் ஒருவன் சொன்னதுபோல், “கண்ணை அரைவாசி மூடிக்கொண்டால் மாலத்தீவு”.

படகிலிருந்து எடுத்த படத்தை வீட்டில் காட்டியபோது தாத்தா ஒரே பார்வையில் தீவை அடையாளம் சொன்னார். அவர் அதைச் சுற்றுலாத் தலமாகப் பார்த்தவரல்லர். 1951இல் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலில் ஏறி, பினாங்கு வழியாக வந்தவர். கப்பலில் யாருக்கோ அம்மை கண்டிருந்ததாம். மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள் அத்தனை பேரையும் அந்தத் தீவில் இறக்கிவிட்டார்கள். துணிகளை ஆவியில் வைத்து எடுத்தது, வரிசையில் நின்று சோறு வாங்கியது, எதிரே தெரிந்த சிங்கப்பூர் விளக்குகளை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது எல்லாம் சொன்னார். அறை எடுத்து வந்தவர்கள் நேரே கரைக்குப் போனது எழுபது ஆண்டு கழித்தும் அவருக்கு ஆறவில்லை.

வரலாறு இதுதான். 1873இல் சிங்கப்பூரில் காலரா பரவி நானூறு பேருக்குமேல் மாண்டனர். அதையடுத்து 1874இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் அமைந்தது. சீனாவிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களும், மெக்காவிலிருந்து திரும்பிய ஹஜ் பயணிகளும் ஊருக்குள் வருமுன் அங்கே இருத்தப்பட்டார்கள். ஆசியாவிலேயே பெரிய தனிமைப்படுத்தும் நிலையங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. பின்னர் அரசியல் கைதிகளையும், அபினிக்கு அடிமையானோரையும் அங்கே வைத்தார்கள். நம் மூன்றாம் அதிபர் தேவன் நாயரும் 1951இல் அங்குத் தடுத்துவைக்கப்பட்டிருந்தவர்தான். 1970களின் நடுப்பகுதியில் தீவை விடுமுறைத் தலமாக மாற்றினார்கள். பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவின் கதையும் ஏறக்குறைய இதேதான்: தொழுநோயாளர் இல்லம், தனிமைப்படுத்தும் நிலையம், சிறை, கடைசியில் உல்லாச விடுதி. கரையிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதே இவ்விரு வேலைகளுக்கும் தீவைப் பொருத்தமாக்குகிறது.

தேக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். லிட்டில் இந்தியாவில் மூன்று வகை வாடிக்கையாளரை நம்பி மூன்று வகை வணிகம் நடக்கிறது. முதலாவது சுற்றுப்பயணி. 2019இல் இந்தியாவிலிருந்து மட்டும் 14 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சிங்கப்பூருக்கு வந்தார்கள். சீனா, இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் அவர்களுக்கு. பகலில் செந்தோசா, இரவில் சைவச் சாப்பாட்டுக்குச் சிராங்கூன் சாலை, ஊருக்குக் கிளம்புமுன் முஸ்தஃபாவில் சாக்லெட்டும் மின்சாதனமும் என்பது அவர்களின் வாடிக்கை. இரண்டாவது, தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் வாரச் சமையலுக்கும் வரும் நம் குடும்பங்கள். மூன்றாவது, தங்குவிடுதிகளிலிருந்து ஞாயிறுதோறும் வரும் வெளிநாட்டு ஊழியர்கள்.

முதல் வகை 2020 மார்ச்சோடு நின்றது. அதில் முதல் அடி வாங்கியவர்கள் நாணய மாற்று வணிகர்கள். தமிழகக் கடலோர ஊர்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக நடத்திவரும் தொழில் அது. யாரும் வராமல், யாரும் போகாமல் இருந்தால் ரூபாயையும் ரிங்கிட்டையும் ரூப்பியாவையும் யாருக்கு விற்பது? கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து நாளேட்டை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். திருச்சிக்கும் சென்னைக்கும் சீட்டு விற்ற பயண முகவர்கள், விற்ற சீட்டுக்குப் பணம் வாங்கித் தருவதையே வேலையாகக் கொண்டார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி முஸ்தஃபா சென்டர், தொற்றுக் குழுமம் காரணமாக மூடப்பட்டது. மீண்டும் திறந்தது மே 6ஆம் தேதி. அதற்கு முன் இரவு பகல் பாராது திறந்திருந்த கடையின் கதவை மூடிப் பார்த்தது எனக்கு அதுவே முதல்முறை.

மாலைக் கடைகளுக்கு வந்த சிக்கல் பலருக்குத் தெரியாது. தமிழகத்து மல்லிகை பெரும்பாலும் சரக்கு விமானத்தில் தனியாக வருவதில்லை. பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில், நம் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அமர்ந்து வருகிறது. பயணிகள் இல்லையென்றால் அந்த விமானம் இல்லை. எஞ்சிய விமானங்களில் இடத்துக்குப் போட்டி, கட்டணம் ஏறும். சுற்றுலா நின்றால் பூவும் ஏன் விலை ஏறுகிறது என்று கேட்டால் விடை இதுதான்.

இரண்டாம் வகையான நம் குடும்பங்கள்தாம் கடைகளை ஓரளவு தாங்கிப்பிடித்தன. 2020 தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் ஒளியூட்டு இருந்தது. கேம்பல் லேன் தீபாவளிச் சந்தை இல்லை. 2021இலும் 2022இலும் தைப்பூசப் பாத ஊர்வலம் இல்லை. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகள் மீண்டும் நடந்தது 2023இல்.

மூன்றாம் வகைதான் தேக்காவின் உயிர்நாடி என்பது என் கணிப்பு. எந்தப் புள்ளிவிவரமும் அவர்களைச் சுற்றுப்பயணிகள் என்று கணக்கிடாது. ஆனால் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் பேருந்தில் பயணம் செய்து, சாப்பிட்டு, காய்கறி வாங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பி, நண்பனைச் சந்தித்துத் திரும்புவது விடுமுறைப் பயணம் இல்லாமல் வேறென்ன? 2020 ஏப்ரலில் தங்குவிடுதிகளில் தொற்று பரவியதும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் நடமாட்டம் முடக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் தங்கிய இடங்களில் தொற்றை நிறுத்துவது எளிதாக இருக்கவில்லை. ஆண்டு முடிவில் அவர்களில் ஏறக்குறைய 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அதிகாரபூர்வத் தகவல் சொன்னது. அதன் பிறகும் வேலையிடம், தங்குவிடுதி, பொழுதுபோக்கு நிலையம் என்ற மூன்று இடங்களுக்குள்தான் அவர்கள் வாழ்க்கை.

இந்தக் கட்டுரைக்காகத் தேதிகளை வரிசைப்படுத்தியபோது என்னை உறுத்தியது இதுதான். ஜெர்மனியிலிருந்தும் புருணையிலிருந்தும் தடுப்பூசி போட்டவர்கள் தனிமை உத்தரவின்றி வருவதற்கான சிறப்புப் பயணத் திட்டம் 2021 செப்டம்பர் 8ஆம் தேதி தொடங்கியது. அடுத்த வாரம், தங்குவிடுதி ஊழியர்கள் லிட்டில் இந்தியாவுக்கு வருவதற்கான முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. வாரத்துக்கு 500 பேர், தடுப்பூசி போட்டிருக்கவேண்டும், பரிசோதனை செய்துகொள்ளவேண்டும், சில மணி நேரத்தில் திரும்பவேண்டும். நவம்பர் 29ஆம் தேதி சென்னை, மும்பை, டெல்லியிலிருந்து சிறப்பு விமானங்கள் வந்தன. 2022 பிப்ரவரி 25ஆம் தேதி பாத்தாம், பிந்தான் கடல்வழி திறந்தது. ஏப்ரல் 1ஆம் தேதி தடுப்பூசி போட்ட எந்த நாட்டவரும் தனிமை உத்தரவின்றி வரலாம் என்றானது. சாங்கியில் இறங்கிய சுற்றுப்பயணி அன்று மாலையே தேக்காவில் தோசை சாப்பிடலாம். அந்தத் தோசைக்கு ஊழியர் ஒருவர் வரவேண்டுமென்றால் வெளியே செல்ல அனுமதி பெறவேண்டும். அந்த விதி ஜூன் 24ஆம் தேதிதான் தளர்ந்தது. அப்போதும் ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்குப் போகத் தனி அனுமதி தேவைப்பட்டது. நாளொன்றுக்கு 80,000 பேர் என்பது வரம்பு.

நெரிசலான இடத்தில் தங்குபவர்களிடமிருந்து தொற்று மறுபடி கிளம்பினால் என்ன செய்வது என்ற கவலை பொய்யானதன்று என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டவர்கள். பாதிப்பேருக்குத் தொற்று வந்து போயும்விட்டது. 2021இன் இறுதிக்குப் பிறகும் சுற்றுப்பயணிக்கு ஒரு விதியும் அவர்களுக்கு ஒரு விதியும் இருந்ததற்கு நோய் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்துடையோர் அடுத்த இதழில் எழுதலாம்.

சுற்றுலா எண்ணிக்கைகள் பெருமளவு மீண்டுவிட்டன. 2022இல் 63 இலட்சம், 2023இல் 1 கோடியே 36 இலட்சம், 2024இல் 1 கோடியே 65 இலட்சம். 2024இன் சுற்றுலா வருமானமான 2,980 கோடி வெள்ளி 2019ஐயும் தாண்டியது. தேக்காவில் எல்லாம் பழையபடி ஆகவில்லை. பணம் அனுப்புவதைக் கைத்தொலைபேசிச் செயலியில் கற்றுக்கொண்ட ஊழியர் அதற்காக இனி வரிசையில் நிற்கப்போவதில்லை; தங்குவிடுதிக்கே மளிகை வரவழைக்கப் பழகியவரும் அப்படியே.

2022 ஜூலையில் ஒரு ஞாயிறு மாலை தேக்கா நிலையத்தின் எதிரே நின்றிருந்தேன். புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர், கையில் தேநீர்ப் பொட்டலத்தோடு, காணொளி அழைப்பில் மனைவிக்குத் தெருவைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். “இதுதான் அந்தக் காய்கறிக் கடை... இங்கதான் முன்னாடி உட்காருவோம்... கூட்டத்தைப் பாரு.” பிறகு மணியைப் பார்த்துவிட்டு, தங்குவிடுதிப் பேருந்து நிற்கும் பக்கம் வேகமாக நடந்தார்.